ஆன்லைன் கேம்கள் ஏன் மூடப்படுகின்றன? சர்வர் வாடகை மட்டும்தானா?

ஒரு வாசகரின் கேள்வி, 03-08-2025

நன்றாக ஓடிக்கொண்டிருந்த மல்டிபிளேயர் கேம்களை ஏன் திடீரென்று மூடிவிடுகிறார்கள்? ஒரு சர்வரை ஓட்ட அப்படி என்ன செலவாகிவிடும்? என்னைக் கேட்டால் இது சுத்தப் பேராசை. பழையதை மூடினால்தான் புதியதை வாங்குவோம் என்று கணக்குப் போடுகிறார்கள். வேறு காரணம் இருந்தால் சொல்லுங்கள்.

04-08-2025

பேராசை இல்லையென்று யார் சொன்னது. ஆனால் பெரும்பாலான கேம்கள் கம்பெனி மூடுவதற்கு வெகு முன்பே செத்துவிடுகின்றன. சாவது வேறு, மூடப்படுவது வேறு. முதலில் சாவைப் பார்ப்போம், அதில் பேராசையைவிடக் கணக்குதான் அதிகம்.

ஐந்துக்கு ஐந்து பேர் மோதும் ஒரு ஷூட்டரை, அதாவது சுடும் கேமை, எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மேட்சுக்குப் பத்துப் பேர் வேண்டும். இந்த நிமிடம் உலகம் முழுக்க 2,000 பேர் ஆன்லைனில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 2,000 என்றால் 200 மேட்ச் ஓடலாமே என்று தோன்றும். ஓடாது. பிங் (சர்வருக்குத் தகவல் போய்வரும் நேரம்) எகிறாமல் இருக்க ஐந்து பகுதிகளாகப் பிரித்தால் பகுதிக்கு 400 பேர். கேமில் நாலு மோடு (ஆடும் முறை) இருந்தால் மோடுக்கு 100. கன்சோல்காரர்களையும் கம்ப்யூட்டர்காரர்களையும் தனித்தனியாக வைத்தால் 50. அதில் திறமைக்கு ஏற்ப ஐந்து அடுக்கு பிரித்தால் ஓர் அடுக்குக்குப் பத்துப் பேர். அந்தப் பத்துப் பேரும் ஒரே நொடியில் பட்டனை அழுத்த மாட்டார்கள். எட்டுப் பேர் ஏற்கெனவே ஏதாவது ஒரு மேட்சின் நடுவில் இருப்பார்கள், ஒருவர் கதவைத் திறக்கப் போயிருப்பார், மிச்சம் இருப்பது நீங்கள்.

இதற்கு அப்புறம் நடப்பதுதான் கொடுமை. காத்திருப்பவர்களின் வரிசை நீளுகிறது என்று, ஆட்களைச் சேர்த்து மேட்ச் அமைக்கும் மேட்ச்மேக்கிங் தன் விதிகளைத் தளர்த்தும். நேற்று சேர்ந்தவனைக் கொண்டுபோய் இரண்டு வருடமாக ஆடுகிறவன் முன்னால் நிறுத்தும். புதியவன் மூன்று மேட்ச் அடிவாங்குவான், நாலாவது நாள் வரமாட்டான். அவன் வராததால் வரிசை இன்னும் நீளும். நான் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு ஷூட்டரில் (பெயர் வேண்டாம்) கடைசிக் காலத்தில் எதிரணியில் யார் என்று லோடிங் திரையைப் பார்க்காமலே சொல்லிவிடலாம், மொத்தமே அதே முகங்கள்தான். அப்போதும் கேம் நன்றாகத்தான் இருந்தது. துப்பாக்கி, மேப், சத்தம் எதிலும் குறையில்லை. ஆடத்தான் ஆள் இல்லை.

04-08-2025, இரவு

இன்னொன்று. ஆள் குறையும்போது பயனர்கள் கத்துவது "புது மோடு கொடு" என்றுதான். கொடுத்தால் இருக்கிற கூட்டம் இன்னும் ஒரு துண்டாகும். நாலு மோடு ஐந்தாகிறது, 100 பேர் 80 ஆகிறார்கள். நாங்களும் கத்தினோம், அவர்களும் கொடுத்தார்கள்.

06-08-2025

கீழே ஒருவர் "கேம் மோசம், அதனால் செத்தது, இதில் என்ன கணக்கு" என்கிறார். அப்படியும் சில உண்டு. பேபிலான்ஸ் ஃபால் நாலு பேர் சேர்ந்து ஆடவேண்டிய கேம், 2022 மார்ச்சில் வந்தது. இரண்டே மாதத்தில் ஸ்டீமில் (கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஆன்லைன் கடை) ஒரு கட்டத்தில் ஒரே ஒருவர்தான் அதை ஆடிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் மேட்ச்மேக்கிங் பட்டனை அழுத்தினாரா என்பதுதான் என்னுடைய நெடுநாள் சந்தேகம்.

ஆனால் கான்கார்ட் என்ற ஷூட்டரை அப்படி ஒரே வரியில் தள்ள முடியாது. சோனி 2023இல் ஃபயர்வாக் ஸ்டூடியோவையே விலைக்கு வாங்கியது. அவர்கள் செய்த இந்தக் கேம் 2024 ஆகஸ்ட் 23இல் 40 டாலருக்கு வந்தது, செப்டம்பர் 6இல் சர்வரை நிறுத்தி எல்லாருக்கும் பணத்தைத் திருப்பினார்கள். இரண்டு வாரம். அக்டோபரில் ஸ்டூடியோவும் மூடல். சுடுவதில் குறை சொல்ல முடியாது என்று ஆடிப்பார்த்த பலரும் எழுதினார்கள், நானும் பீட்டாவில் (சோதனைப் பதிப்பில்) அப்படித்தான் நினைத்தேன். ஸ்டீமில் ஒரே நேரத்தில் இருந்தவர்களின் உச்சம் 697. அதுவும் ஐந்துக்கு ஐந்து கேம்தான். 697ஐ எடுத்து மேலே போட்ட கணக்கில் வையுங்கள், எந்த இடத்தில் வகுத்தல் நிற்கிறது என்று தெரியும். பக்கத்திலேயே அதே வகைக் கேம்கள் இலவசமாக நிற்கும்போது 40 டாலர் என்பது வாசலில் வைத்த பூட்டு. ஒருவர் மட்டும் வாங்கினால் போதாது, அவருடைய நாலு நண்பர்களும் வாங்க வேண்டும், ஐந்து பேரில் ஒருவர் "எனக்கு வேண்டாம்பா" என்றாலே மற்ற நாலு பேரும் பழைய கேமுக்கே போய்விடுவார்கள்.

விலையைச் சொன்னோம், நேரத்தையும் சொல்ல வேண்டும். பேட்டில்பார்ன் 2016 மே 3இல் வந்தது. போட்டியான ஓவர்வாட்ச் மே 24. நடுவில் மூன்று வாரம் இருந்ததே என்றால், அந்த மூன்று வாரத்துக்கு உள்ளேயே ஓவர்வாட்சின் திறந்த பீட்டா நடந்தது, அதில் 97 லட்சம் பேர் ஆடினார்கள். இரண்டும் ஒரே வகைக் கேம்கூட இல்லை, பேட்டில்பார்னில் கதையோடு ஒரு முழு கேம்பெய்ன் இருந்தது. ஆனால் வெளியே இருந்து பார்ப்பவருக்கு இரண்டிலும் வண்ண வண்ணமாக ஹீரோக்கள் நிற்கிறார்கள், அவ்வளவுதான். அடுத்த வருடம் லா பிரேக்கர்ஸ் வந்தது. கியர்ஸ் ஆஃப் வார் செய்த கிளிஃப் பிளெசின்ஸ்கியின் கம்பெனி. 2017 ஆகஸ்டில் வெளியீடு, 2018 மே மாதம் கம்பெனி மூடல், செப்டம்பரில் சர்வர் மூடல்.

07-08-2025

"காசுக்காக மோதுகிறார்கள்" என்று எல்லாரும் சொல்கிறோம். உண்மையில் மோதல் நம்முடைய சாயங்கால நேரத்துக்கு. இப்போது வரும் ஒவ்வொரு கேமும் தினசரி வேலை கொடுக்கிறது: இன்றைய மிஷன், இந்த வார மிஷன், சீசன் முடிவதற்குள் முடிக்க வேண்டிய பேட்டில் பாஸ் (காசு கொடுத்து வாங்கி, ஆடி ஆடித் திறக்கும் பரிசுப் பட்டியல்). இப்படி ஒன்றை வைத்துக்கொள்ளலாம். இரண்டு என்றால் கஷ்டம். மூன்று என்றால் அது சம்பளம் இல்லாத வேலை. அதனால் புதிதாக வரும் கேம் நம்மிடம் "என்னை வாங்கு" என்று கேட்கவில்லை. "இருப்பதை விட்டுவிட்டு வா, உன் ஆட்களையும் கூட்டிக்கொண்டு வா" என்று கேட்கிறது.

ஆட்கள் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் கில்டில் (கேமுக்குள் நாங்கள் சேர்ந்திருந்த குழு) ஒருவர் இருந்தார். ஆட்டத்தில் சுமார்தான். ஆனால் யாருக்கு எந்த இரவு வசதி, யாரிடம் ஹீலர் (காயம் ஆற்றும் பாத்திரம்) இருக்கிறது, யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள் எல்லாம் அவருக்குத் தெரியும். அவர்தான் ஒவ்வொருவராக மெசேஜ் போட்டு ரெய்டுக்கு (கூட்டமாகப் போகும் பெரிய சண்டை) இழுத்துவருவார். அவருக்குக் குழந்தை பிறந்தது, நின்றுவிட்டார். சண்டையும் இல்லை, அறிவிப்பும் இல்லை. கொஞ்ச நாளில் அந்தக் கில்டில் நாங்கள் யாருமே இல்லை. கம்பெனியின் கணக்கில் முதலில் ஓர் ஆள் குறைந்தார், அப்புறம் சம்பந்தமே இல்லாத மாதிரி முப்பது பேர் குறைந்தார்கள். இந்த மாதிரி ஆட்களை எந்த அனலிடிக்ஸ் திரையும் தனியாகக் காட்டாது, ஏனென்றால் அவர் ஸ்கின் (பாத்திரத்துக்குப் போடும் அலங்காரத் தோற்றம்) வாங்கியவரும் இல்லை, அதிகம் கொன்றவரும் இல்லை.

07-08-2025, கொஞ்ச நேரம் கழித்து

மூடப்போகிறார்கள் என்பதற்கு அறிகுறி என்ன என்று கேட்டதற்கு: "உங்கள் குரலைக் கேட்கிறோம்" என்று கம்பெனி எழுதினால் ஜுரம். அடுத்த வருடத் திட்டப் படத்தில் மாதப் பெயர்கள் போய் "விரைவில்" மட்டும் நின்றால் ஐசியூ. கேமுக்குள் காசு விற்கும் கடையை மூடிவிட்டு எல்லா ஸ்கின்னும் இலவசம் என்றால் மாலை வாங்கி வரலாம்.

10-08-2025

வரிசைக் கணக்கு ஷூட்டர்களுக்கும் மோபாக்களுக்கும் (இரண்டு அணிகள் ஒன்றின் கோட்டையை மற்றது இடிக்கும் கேம்கள்)தான் சரியாகப் பொருந்தும். எம்எம்ஓ என்று சொல்கிற, ஆயிரக்கணக்கானோர் ஒன்றாக ஆடும் பெரிய உலகங்களுக்கு அது பாதிதான், ஏனென்றால் அங்கே மேட்சே இல்லை. அங்கே சாவு வேறு மாதிரி வருகிறது. எல்லாரும் மேலே ஏறிப் போய்விடுவார்கள், கடைசி லெவல் ஊரில் கூட்டம் நெரியும். புதிதாக வருகிறவன் இறங்கும் முதல் ஊரில் ஈ, காக்கை இருக்காது. மூன்று பேர் சேர்ந்து கொல்ல வேண்டிய பூதத்தின் முன்னால் அவன் தனியாக நிற்பான். பத்தாயிரம் பேர் ஆடுகிற உலகம் அவனுக்குக் காலி வீடாகத்தான் தெரியும்.

அப்புறம், அங்கே ஆட்களை விரட்டுவதைக் கம்பெனியே பேட்ச் போட்டுச் செய்யும். ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ் 2003இல் வந்தபோது அதில் முப்பதுக்கும் மேற்பட்ட தொழில்கள். தையல்காரராக, சமையல்காரராக, கேண்டீனா என்ற மதுக்கடையில் நடனம் ஆடுகிறவராக ஒருவர் வருடக்கணக்கில் வாழலாம், அப்படி வாழ்ந்தார்கள். 2005 நவம்பரில் வந்த ஒரே மாற்றத்தில் அதை ஒன்பது வகையாகச் சுருக்கினார்கள், சண்டையையும் அடியோடு மாற்றினார்கள். காரணம் புரிகிறது, வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் அப்போது எல்லாரையும் இழுத்துக்கொண்டிருந்தது, இவர்களும் எளிதாக, வேகமாக ஆக்கப் பார்த்தார்கள். ஆனால் எளிது வேண்டியவர்கள் வார்கிராஃப்டுக்குத்தான் போனார்கள், சிக்கலுக்காகவே இங்கே இருந்தவர்கள் வெளியே போனார்கள். அதற்குப் பிறகும் ஆறு வருடம் ஓடி 2011 டிசம்பர் 15இல் நின்றது. ஐந்து நாள் கழித்து, டிசம்பர் 20இல், இன்னொரு கம்பெனி செய்த புதிய ஸ்டார் வார்ஸ் எம்எம்ஓ வெளியானது. இந்த ஐந்து நாளைப் பார்த்தால் கேள்வி கேட்டவர் சொன்ன பேராசைக் கதைக்கும் கொஞ்சம் இடம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளலாம்.

ஆனாலும் சர்வர் வாடகை என்கிற பேச்சை விடுங்கள். பெரிய செலவு சம்பளம். புதிய பகுதி வரைகிறவர், பிழை திருத்துகிறவர், ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்கிறவர், "என் அக்கவுண்ட் திருடுபோய்விட்டது" என்று அழுகிறவருக்குப் பதில் எழுதுகிறவர், ஒவ்வொரு கன்சோல் அப்டேட்டுக்கும் சோதித்துப் பார்க்கிறவர். இவர்கள் இருபது பேர் சின்ன லாபம் தரும் பழைய கேமில் இருக்கிறார்கள் என்றால், மேலே இருப்பவர் நினைப்பது "இது நஷ்டமா" என்று அல்ல, "இந்த இருபது பேரை எங்கே போட்டால் இன்னும் வரும்" என்று. பேரகான் அப்படித்தான் போனது. எபிக் செய்த மோபா அது. 2017 செப்டம்பரில் அதே வீட்டில் ஃபோர்ட்நைட்டின் பேட்டில் ராயல் பிறந்தது. ஆட்களை அங்கே மாற்றினார்கள், 2018 ஏப்ரலில் பேரகான் மூடல். மரியாதையாக மூடினார்கள் என்று சொல்ல வேண்டும்: செலவு செய்த எல்லாருக்கும் முழுப் பணத்தையும் திருப்பினார்கள், 1.2 கோடி டாலர் செலவில் செய்த பாத்திரங்கள், கட்டடங்கள் எல்லாவற்றையும் மற்ற டெவலப்பர்கள் பயன்படுத்த இலவசமாக விட்டார்கள். அதை எடுத்து வேறு ஆட்கள் பிரிடிசெசர் என்று ஒரு கேமே கட்டினார்கள்.

11-08-2025

"ஃபைனல் ஃபேண்டசி 14 பிழைத்ததே?" என்று ஒருவர் கேட்கிறார். ஆமாம், அந்த எம்எம்ஓவை எல்லாரும் காட்டுகிறார்கள். 2010 செப்டம்பரில் வந்து சந்தி சிரித்தது. மாதக் கட்டணம் வாங்கவே கம்பெனி கூச்சப்பட்டு 2012 தொடக்கம் வரை வாங்கவில்லை. கேமின் புதிய தலைவராக நவோகி யோஷிடாவைக் கொண்டுவந்தார்கள், அவர் ஓடுகிற கேமைத் திருத்திக்கொண்டே பக்கத்தில் புதிதாக இன்னொன்றைக் கட்டினார். 2012 நவம்பரில் பழைய உலகத்தின் மேல் ஒரு நிலாவே விழுந்து நொறுங்குகிற மாதிரி கதை வைத்து சர்வரை நிறுத்தினார்கள், 2013 ஆகஸ்டில் புதியது வந்தது. இன்றும் ஓடுகிறது.

இதைக் காட்டி "பொறுமை இருந்தால் எல்லாக் கேமையும் காப்பாற்றலாம்" என்பவர்கள் விட்டுவிடுவது, அந்தப் பெயர் கம்பெனியின் மானம் என்பதை. ஃபைனல் ஃபேண்டசி என்ற பெயர் நாறினால் அடுத்து வரும் எல்லாம் நாறும். ஆன்தெம் என்ற, பறந்து சுடும் கேமுக்கு அப்படி ஒரு பெயர் இல்லை. அதையும் திரும்பக் கட்டுகிறோம் என்று ஒரு சின்னக் குழுவை வைத்தார்கள், 2021 பிப்ரவரியில் கைவிட்டார்கள். 2026 ஜனவரி 12இல் சர்வர் நிறுத்தப்படும் என்று 2025இல் அறிவித்தார்கள். பறக்கிற சுகத்துக்காகவே அதை அவ்வப்போது திறந்துகொண்டிருந்தேன். கதையைத் தனியாக ஆடினாலும் சர்வர் வேண்டும், ஆகவே அதுவும் சேர்ந்தே போகிற கதை.

ஒரு குறுக்கு விஷயம்: ஆஷெரான்ஸ் கால் என்ற எம்எம்ஓ 1999இல் வந்தது. அதன் இரண்டாம் பாகம் 2002இல் வந்து 2005 முடிவில் மூடியது. முதல் பாகம் 2017 வரை ஓடியது. மகனுக்குத் திதி கொடுத்த அப்பா.

17-08-2025

இப்போது மூடலுக்கு வருகிறேன். இந்த இழையிலேயே எனக்கு மிகவும் கோபம் வரும் பகுதி.

1990களில் க்வேக் மாதிரிக் கேம் வாங்கினால் சர்வர் புரோகிராமும் சேர்ந்தே கைக்கு வரும். யார் வேண்டுமானாலும் தன் கம்ப்யூட்டரில் ஓட்டலாம். முகவரி தெரிந்தவர் சேரலாம். கம்பெனி இழுத்து மூடினாலும் அந்த முகவரி வேலை செய்யும். கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6க்கு இன்றும் சர்வர் இருப்பது இதனால்தான். அங்கே வரிசையே கிடையாது, ஒரு பட்டியல்தான் உண்டு: இந்த சர்வரில் 14 பேர், அந்த சர்வரில் 3 பேர். 3 பேர் இருக்கும் இடத்தில் போய் நின்றால் நாலாவது ஆள் உங்களைப் பார்த்து வருவார். மேட்ச்மேக்கிங் வந்த பிறகு இந்தக் கண் போய்விட்டது. யாரும் இல்லாத அறையில் நிற்கிறோமா, இன்னும் ஒருவர் வந்தால் போதுமா, எதுவும் தெரியாமல் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் பட்டியல்கூட யாராவது ஒருவர் நடத்த வேண்டியதுதான். நிறையக் கேம்கள் அதற்குக் கேம்ஸ்பை என்ற சேவையை நம்பியிருந்தன. 2014 மே 31இல் கேம்ஸ்பை நின்றது, அதையொட்டி பேட்டில்ஃபீல்ட் 2 உட்பட ஒரு பெரும் கூட்டமே ஆன்லைனை இழந்தது. அந்தக் கேம்களில் பலவற்றைச் செய்தவர்களுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை, முகவரிப் புத்தகம் வைத்திருந்தவர் கடையைச் சாத்தினார், அவ்வளவுதான். ரசிகர்கள் மாற்று முகவரிப் பட்டியல் கட்டிச் சிலவற்றை மீட்டார்கள். மீட்க முடிந்ததற்குக் காரணம், சர்வர் புரோகிராம் ஏற்கெனவே அவர்கள் கையில் இருந்தது.

ஹேலோ 2 கதை தெரியுமா? அது ஓடிய முதல் எக்ஸ்பாக்ஸ் கன்சோலின் ஆன்லைன் சேவையான லைவ் 2010 ஏப்ரல் 15இல் நின்றது. அன்று உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்தால் மறுபடி நுழைய முடியாது. ஆனால் அந்தக் கேமில் மேட்சை நடத்துவது விளையாடுகிறவர் ஒருவருடைய கன்சோல் பெட்டிதான், ஆகவே லாகவுட் செய்யாதவரை ஆடலாம். சிலர் கன்சோலை அணைக்காமலே வைத்திருந்தார்கள். பெட்டி சூடாகி நின்றவர், இணைப்பு அறுந்தவர் என்று ஒவ்வொருவராக விழுந்து, மே இரண்டாம் வாரம் வரை கடைசி ஆள் உள்ளே இருந்தார். மைக்ரோசாஃப்ட் அவர்களைப் பிடித்துத் தள்ளவில்லை, அது பெரிய மனசு. ஆனால் அவர்கள் தாக்குப்பிடித்ததற்கு முதல் காரணம் பிடிவாதம் இல்லை, அந்தக் கேம் கட்டப்பட்ட விதம். இன்றைய கேம் ஒன்றில் அதே பிடிவாதத்தோடு உட்கார்ந்தால் அடுத்த நிமிடம் "இணைப்பு துண்டிக்கப்பட்டது" என்று வரும். பேட்டில்பார்ன் 2021 ஜனவரி 31இல் நின்றபோது தனியாளாக ஆடக்கூடிய கேம்பெய்னும் சேர்ந்தே போனது. காசு கொடுத்து வாங்கிய டிஸ்க் அலமாரியில் இருக்கிறது, போட்டால் முதல் திரையோடு நிற்கும்.

செய்ய முடியாத காரியமா? நாக்அவுட் சிட்டி என்ற கேமுக்குச் செய்தார்கள். 2023 ஜூனில் சர்வரை மூடும்போது கம்ப்யூட்டருக்கு ஒரு தனிப் பதிப்பு விட்டார்கள், நீங்களே சர்வர் ஓட்டிக்கொள்ளலாம். சின்ன ஸ்டூடியோ அது.

18-08-2025

நேற்று எழுதியதைக் கோபத்தில் எழுதினேன், மறுபக்கத்தையும் வைக்க வேண்டும். க்வேக் காலத்து சர்வர் ஒரே ஒரு புரோகிராம். இப்போது லாகின் ஒரு சேவை, பொருள் இருப்பு ஒரு சேவை, மேட்ச்மேக்கிங் ஒன்று, நண்பர் பட்டியல் ஒன்று, குரல் பேச்சு ஒன்று, பணம் இன்னொன்று. பாதி வேறு கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்தது, கொடுக்கும் உரிமை இவர்களிடம் இல்லை. ஜிப் பண்ணி இணையத்தில் போடு என்று சொல்வது சுலபம், அதை ஓட்டக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவர சில மாத வேலை பிடிக்கும், அந்த வேலையைச் செய்ய வேண்டிய ஆட்களை ஏற்கெனவே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

ஆனால் இதெல்லாம் செத்த கேமைத் திறந்து கொடுக்கச் சொல்லும்போதுதான் கஷ்டம். கட்டும்போதே "ஒருநாள் இதை மூடுவோம்" என்று நினைத்துக் கட்டினால் இவ்வளவு கஷ்டம் இல்லை. தி க்ரூ என்ற கார் கேம் 2014இல் வந்தது, யுபிசாஃப்ட் 2024 மார்ச் முடிவில் சர்வரை நிறுத்தியது, தனியாக ஓட்டக்கூட வழியில்லை. அதைப் பார்த்துத்தான் ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்திடம் கொடுக்கும் மனுவுக்கு 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்து தாண்டியது. அவர்கள் கேட்பது சர்வரை என்றென்றும் ஓட்டு என்று இல்லை. விற்றதை, நீ போன பிறகும் ஏதோ ஒரு விதத்தில் ஆடும்படி விட்டுப் போ, அவ்வளவுதான். எதிர்ப்பக்கத்தில் கம்பெனிகளின் சங்கம், தனியார் சர்வரில் பயனர்களின் தகவலுக்கு யார் பாதுகாப்பு, அங்கே தப்பான விஷயம் பரவினால் உரிமையாளர் மேல் பழி வருமே என்கிறது. முதல் கேள்வி நியாயம். இரண்டாவது, வேறு வழியில்லாமல் எடுத்த மாதிரி இருக்கிறது.

யுபிசாஃப்டே அப்புறம் 2024இல் க்ரூ 2க்கும் மோட்டார்ஃபெஸ்டுக்கும் ஆஃப்லைன் கொடுக்கிறோம் என்று சொன்னது. அப்போ முடியும்.

25-08-2025

ஏமாற்றுக்காரர்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஹேக்கர்களால் கேம் சாகாது, பெரிய கேம்களில் எல்லாம் இருக்கிறார்களே என்று ஒருவர் எழுதியிருந்தார். பெரிய கேமில் இருக்கலாம். அங்கே ஒருவன் சுவர் வழியாகப் பார்த்துச் சுடுகிறான் என்றால் நீங்கள் அவனை ஒருமுறை சந்திப்பீர்கள், திட்டுவீர்கள், மறப்பீர்கள். சின்ன கேமில் அதே ஒருவன் தினமும் சாயங்காலம் உங்கள் லாபியில் (மேட்சுக்கு முன் ஆட்கள் கூடும் அறை) இருப்பான், ஏனென்றால் உங்கள் அடுக்கில் இருப்பதே அந்தப் பத்துப் பேர்தான். நான் மேலே சொன்ன ஷூட்டரில் அப்படி ஒருவன் இருந்தான். அவன் ஆன்லைனில் இருந்தால் எங்களில் பாதிப் பேர் இன்றைக்கு வேண்டாம் என்று போய்விடுவோம். புகார் கொடுத்தால் நன்றி என்று ஒரு தானியங்கி மெயில் வரும். அதைப் படிக்கும் ஆட்களை அதற்குள் வேறு பிராஜெக்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது.

அதே கேமில் எங்கள் பகுதி சர்வரைத் தொலைவில் உள்ள இன்னொரு பகுதியோடு சேர்த்தார்கள். வரிசை குறைந்தது உண்மைதான். ஆனால் நான் சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் குண்டு பட்டுச் செத்தேன், பிங் அப்படி. அந்த மாதத்திலும் கடையில் புது ஸ்கின் விற்றார்கள், நானும் வாங்கினேன், கொஞ்ச நாளில் மூடல் அறிவிப்பு. பணம் திரும்பி வரவில்லை, விதிமுறையின் எங்கோ ஓர் ஓரத்தில் நான் வாங்கியது பொருள் இல்லை, உரிமம் என்று இருக்கிறதாம். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து ஒரு சட்டம்: உரிமம்தான் தருகிறாய் என்றால் வாங்கும் இடத்திலேயே அதைத் தெளிவாகச் சொல்லாமல் "வாங்கு" என்று பட்டன் வைக்கக் கூடாது. சொல்லிவிட்டால் வைக்கலாம். சொன்னாலும் நான் அழுத்தியிருப்பேன் என்பது வேறு விஷயம், அந்த ஸ்கின் அவ்வளவு நன்றாக இருந்தது.

17-09-2025

இழை ஓய்ந்துவிட்டது, ஆனாலும் எழுதுகிறேன். தி க்ரூவின் ரசிகர்கள் சர்வரைத் தாங்களே திரும்ப எழுதி 2025 செப்டம்பரில் வெளியிட்டுவிட்டார்கள். தனியாகவும் ஓட்டலாம், சேர்ந்தும் ஓட்டலாம். யுபிசாஃப்டின் உதவி இல்லாமல், போய்வந்த தகவல்களைப் பார்த்துப் பார்த்துக் கட்டியது.

இந்த வழியில் ரொம்ப தூரம் போனது சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்ற எம்எம்ஓ. 2004இல் தொடங்கி, 2012 ஆகஸ்ட் கடைசியில் திடீரென்று அறிவித்து, நவம்பர் 30இல் மூடினார்கள். காலியான கேம் இல்லை அது. உரிமையாளரான என்சிசாஃப்ட் தன் கணக்கில் வேண்டாம் என்று முடிவெடுத்தது, ஸ்டூடியோவையும் சேர்த்து. அதற்குப் பிறகு ஒரு சின்னக் கூட்டம் பல வருடம் ரகசியமாகத் தனி சர்வரில் ஆடிக்கொண்டிருந்தது 2019இல் வெளியே வந்தது. வெளியே இருந்து ஏங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு வந்த கோபம் இருக்கிறதே, கம்பெனி மேல் வந்ததைவிட அதிகம். கடைசியில் சர்வர் கோட் (நிரல்) எல்லாருக்கும் கிடைத்து, ஹோம்கமிங் என்ற ரசிகர் சர்வர் பெரிதாகி, 2024 ஜனவரியில் என்சிசாஃப்டே அதற்கு உரிமம் கொடுத்தது.

கம்பெனியே பழைய பிரதியை எடுத்துவந்த கதையும் உண்டு. ரூன்ஸ்கேப் என்ற எம்எம்ஓவை நடத்துகிறவர்களிடம் 2007 ஆகஸ்ட் மாதத்து பேக்கப் ஒன்று இருந்தது. பயனர்களிடம் ஓட்டெடுப்பு வைத்து 2013 பிப்ரவரியில் அதைத் திறந்தார்கள், இன்று அதுதான் பெரியவன். பேக்கப் எடுத்து வைத்த அந்த ஊழியருக்கு யாராவது போனஸ் கொடுத்தார்களா என்று தெரிந்தால் சொல்லுங்கள்.

19-09-2025

முதலில் கேள்வி கேட்ட நண்பர் இப்போது வேறு கேட்கிறார்: ஒரு புது ஹீரோ ஷூட்டர் வந்திருக்கிறது, நண்பர்கள் கூப்பிடுகிறார்கள், காசு போடலாமா?

நண்பர்கள் கூப்பிடுகிறார்கள் என்றால் பாதி விடை வந்துவிட்டது, எத்தனை பேர் என்று பாருங்கள், ஒரு அணி நிறையுமா. அப்புறம் மெனுவில் கஸ்டம் மேட்ச் (நாமே அமைக்கும் மேட்ச்) இருக்கிறதா, பாட்களோடு (கம்ப்யூட்டரே ஆடும் ஆட்கள்) ஆட முடியுமா, இணையத்தைத் துண்டித்தால் பயிற்சி அறையாவது திறக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் இல்லையென்றால் அது வாடகை வீடு, அந்த மனநிலையோடு போகலாம், தப்பில்லை. வெளியான வார ஞாயிறு இரவு வரிசை எந்தக் கேமிலும் வேகமாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரு மாதம் கழித்து, செவ்வாய்க்கிழமை காலையில், உங்கள் பகுதி சர்வரில், ரேங்க்டு (தரவரிசை மேட்ச்) வரிசையில் தனியாக நின்று பாருங்கள். இரண்டு நிமிடத்தில் மேட்ச் வந்தால் பேட்டில் பாஸ் வாங்குங்கள்.